ஒழுக்கமா டிரேட் பண்ணியும் நஷ்டமா? தம்பி, தப்பு உன் மேல இல்ல

1/
நண்பர்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். இன்ட்ராடே டிரேடிங் செய்யும் தம்பிகளும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. எந்தப் பங்கை வாங்கு, விற்று விடு என்று சொல்ல வரவில்லை. ஒரு டாக்டராக என் கிளினிக்கில் பார்த்ததைச் சொல்கிறேன்.

2/
போன மாதம் ஒரு தம்பி வந்தான். வயது 26. திருத்தங்கல் பக்கம் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. கூட அவன் அம்மா. பட்டாசு ஆலையில் பாக்கெட் போடும் வேலை.
"ராத்திரியெல்லாம் போனையே பாத்துக்கிட்டு இருக்கான் டாக்டரய்யா. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுறான்."

3/
நாடித்துடிப்பு 112. ஈசிஜி எடுத்தோம். வேகம் மட்டும்தான் அதிகம், வேறு கோளாறு இல்லை. தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் நார்மல். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.
"என்ன தம்பி, லவ்வா, கடனா?"
"டிரேடிங் சார்."

4/
போன தீபாவளி போனஸும், அம்மா மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த லோனும் சேர்த்து 40,000 ரூபாய். நாலு மாதம் இன்ட்ராடே. அதில் முக்கால்வாசி போக, மிச்சத்தை வைத்து விட்டதைப் பிடிக்க ஆப்ஷனுக்குப் போயிருக்கிறான். ஒரு எக்ஸ்பைரி நாளில் அதுவும் போய்விட்டது. படபடப்பு ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

5/
இது வரைக்கும் ஊரில் கேட்ட கதைதான். என்னைத் தூக்கிப் போட்டது அவன் அடுத்துச் சொன்னது.
"எனக்கு டிசிப்ளின் பத்தல சார். கோச்சிங் எடுத்த அண்ணனும் அதான் சொன்னாரு. சிஸ்டம் கரெக்டு, உன் சைக்காலஜிதான் சரியில்லன்னு."
நோட்டு இருக்கிறதா என்றேன். மறுநாள் கொண்டு வந்தான்.

6/
நண்பர்களே, அவ்வளவு ஒழுங்கான நோட்டை நான் சில கேஸ் ஷீட்டில்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு டிரேடுக்கும் தேதி, நேரம், என்ன சிக்னல், எங்கே நுழைந்தான், எங்கே வெளியே வந்தான், எல்லாம் இருந்தது.
அஞ்சு நிமிட சார்ட். 9, 20 மூவிங் ஆவரேஜ் கிராஸ் ஆக வேண்டும். ஆர்எஸ்ஐ 60-க்கு மேல் இருக்க வேண்டும். விலை வீவாப்புக்கு மேல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வாங்குவான். அரை சதவீதம் டார்கெட், அரை சதவீதம் ஸ்டாப்லாஸ். அந்த நாலு மாதத்தில் ஸ்டாப்லாஸை ஒரு தடவைகூட அவன் நகர்த்தவில்லை.
இவனுக்கா டிசிப்ளின் இல்லை?

7/
சரி, கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 5 டிரேடு, மாதம் 20 நாள், நாலு மாதம். மொத்தம் 400. அதில் 208 ஜெயம், 192 தோல்வி. நூற்றுக்கு 52 சரி. தன் பணத்துக்கு மேல் புரோக்கர் தரும் மார்ஜினையும் சேர்த்து ஒவ்வொரு டிரேடும் சுமார் ஒரு லட்ச ரூபாய்க்குப் போட்டிருக்கிறான்.
ஜெயித்தால் 500 ரூபாய், தோற்றால் 500 ரூபாய்.
208 × 500 = 1,04,000. 192 × 500 = 96,000. ஆக, நோட்டுப்படி 8,000 ரூபாய் லாபம்!
ஆனால் கணக்கில் 24,800 ரூபாய் குறைந்திருக்கிறது. எங்கே போச்சு?

8/
ஒரு லட்சத்துக்கு வாங்கி அன்றே விற்றால் என்ன செலவு? டிஸ்கவுண்ட் புரோக்கரிடம்கூட வாங்க 20, விற்க 20. விற்கும்போது எஸ்டிடி வரி 0.025 சதவீதம், அதாவது 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 6. முத்திரைத் தீர்வை 3. புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 8. மொத்தம் ஏறக்குறைய 82 ரூபாய்.
ஜெயித்தாலும் 82, தோற்றாலும் 82.
400 × 82 = 32,800.
8,000 லாபத்திலிருந்து 32,800 போனால் மீதி என்ன? அதேதான். 24,800 நஷ்டம்.

9/
விருதுநகர் மார்க்கெட்டில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் எந்த அண்ணாச்சியிடமும் கேட்டுப் பாருங்கள். லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன் எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகுதான் லாபத்தைப் பற்றிப் பேசுவார். நம் ஊர் ரத்தத்திலேயே இருக்கிற கணக்கு இது. சார்ட் முன்னால் உட்கார்ந்ததும் நம் பிள்ளைகளுக்கு அது மறந்துவிடுகிறது. சார்ட்டில் அடக்க விலை தெரியாது. கான்ட்ராக்ட் நோட்டில்தான் தெரியும்.

10/
செலவைச் சேர்த்தால் அவனுக்கு ஒரு ஜெயம் என்பது 418 ரூபாய். ஒரு தோல்வி என்பது 582 ரூபாய். கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 58-க்கு மேல் ஜெயிக்க வேண்டும். அவன் ஜெயித்தது 52. நாணயத்தைச் சுண்டினால் 50.
அதாவது மூன்று இண்டிகேட்டரும் நாலு மாத உழைப்பும் சேர்ந்து நாணயத்தைவிட 2 கூடக் கொடுத்தன. தேவைப்பட்டது 8. இந்த இடைவெளியை எந்த ஒழுக்கத்தாலும் நிரப்ப முடியாது.

11/
"அப்ப டார்கெட்டைக் கூட்டி வைக்கலாமே, ஒன்றுக்கு இரண்டு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 500 ஸ்டாப்லாஸ், 1,000 டார்கெட் என்றால் நூற்றுக்கு 39 ஜெயித்தால் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டார்கெட்டைத் தூரத்தில் வைத்தால் விலை அங்கே போய்த் தொடுவதும் குறையும். எந்தத் திறமையும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் மூன்றில் ஒரு தடவை, அதாவது 33 தடவை தொடும். இங்கேயும் செலவு அந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. விகிதத்தை மாற்றினால் செலவு மறையாது.

12/
இப்போது இண்டிகேட்டர் விஷயத்துக்கு வருவோம். ஆர்எஸ்ஐயைக் கண்டுபிடித்தவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். மெக்கானிக்கல் இன்ஜினியர். 1978-இல் எழுதிய ஒரே புத்தகத்தில் ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், ஏடிஆர், பாராபாலிக் எஸ்ஏஆர் நான்கையும் கொடுத்தார். 14 என்ற எண்ணும், 70, 30 என்ற கோடுகளும் அவர் வைத்தவை. கமாடிட்டி சந்தையில், தினசரி விலையை வைத்துக் கணக்குப் போட்ட காலம். அதே 14-ஐ இன்று ஒரு நிமிட கேண்டிலில் போட்டுக்கொண்டு, "70-ஐத் தொட்டுருச்சு, இறங்கும்" என்கிறோம். பெரியவருக்கு எழுதிய டோஸைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி.

13/
ஒரு டாக்டராக எனக்கு இண்டிகேட்டர் என்பது ஒரு டெஸ்ட். டெஸ்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. உதாரணம் சொல்கிறேன்.
1,000 பேர். அதில் 10 பேருக்கு நோய். டெஸ்ட் 90 சதவீதம் துல்லியம். நோய் உள்ள 10 பேரில் 9 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும். மொத்தம் 108 பாசிட்டிவ். அதில் நிஜம் 9 மட்டுமே. நூற்றுக்கு 8.
டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். நோய் அரிதாக இருந்தால் பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை பொய்யாகத்தான் இருக்கும்.

14/
அஞ்சு நிமிட சார்ட்டில் ஒரு நாளைக்கு 75 கேண்டில். உண்மையான ட்ரெண்டு ஒரு நாளில் ஒன்று வரலாம், வராமலும் போகலாம். மிச்சமெல்லாம் சும்மா அலைச்சல். அந்த அலைச்சலில்தான் உங்கள் இண்டிகேட்டர் திரும்பத் திரும்ப பாசிட்டிவ் காட்டுகிறது. மூன்று பங்கைப் பார்த்தால் பொய் பாசிட்டிவ் மூன்று மடங்கு. முப்பது பங்கை ஸ்கேனரில் போட்டால் சொல்லவே வேண்டாம்.

15/
"அதான் சார் மூணு இண்டிகேட்டர் பாக்குறேன், மூணும் ஒத்துப் போனா உறுதிதானே?"
இல்லை தம்பி. மூவிங் ஆவரேஜ், எம்ஏசிடி, ஆர்எஸ்ஐ எல்லாமே ஒரே முடிவு விலையில் இருந்து பிறந்தவை. ஒரே சொட்டு ரத்தத்தை மூன்று சுகர் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று டாக்டர்கள் உறுதி செய்தார்கள் என்று சொல்ல முடியுமா? வீவாப்பில் வால்யூம் சேர்கிறது, அது கொஞ்சம் வேறு தகவல். மற்றவை ஒரே செய்தியை மூன்று குரலில் சொல்பவை.

16/
இன்னொன்று. 30-க்குக் கீழே போனால் "ஓவர்சோல்ட்", இனி ஏறும் என்பார்கள். 2020 ஜனவரியில் 12,400 பக்கம் இருந்த நிஃப்டி பிப்ரவரி கடைசியில் 11,200-க்கு வந்தது. போதுமான அளவு விழுந்துவிட்டது என்று வாங்கியவர்கள் எத்தனை பேர்! மார்ச் 23 அன்று முடிந்தது 7,610-இல். காய்ச்சல் 103 இருக்கிறது என்பது தெர்மாமீட்டருக்குத் தெரியும். நாளைக்கு இறங்குமா ஏறுமா என்பது தெர்மாமீட்டருக்குத் தெரியாது.

17/
இதெல்லாம் ஒரு தம்பியின் கதைதானே என்றால், செபியே கணக்கு எடுத்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த ஆய்வு. 2022-23 நிதியாண்டில் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டம். 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் 76 சதவீதம் நஷ்டம். வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் போட்டவர்களில் 80 சதவீதம் நஷ்டம். இது அதிகம் கைவைத்தால் அதிகம் சேதம் என்ற கணக்கு.
நஷ்டப்பட்டவர்கள், அந்த நஷ்டத்துக்கு மேல் இன்னும் 57 சதவீதத்தைக் கட்டணமாகவும் கட்டியிருக்கிறார்கள்.
இன்ட்ராடே செய்பவர்களில் 30 வயதுக்குக் கீழ் இருப்போர் 2018-19-இல் 18 சதவீதம். நாலு வருடத்தில் 48 சதவீதம்.

18/
எஃப் அண்ட் ஓ இன்னும் மோசம். 2024 செப்டம்பர் ஆய்வில், மூன்று வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் நஷ்டம். ஆளுக்குச் சராசரி ஏறக்குறைய 2 லட்சம். 2024-25-இல் 91 சதவீதம் நஷ்டம், மொத்தம் ஒரு லட்சம் கோடிக்கு மேல்.
பழகப் பழக வந்துவிடும் என்பவர்களுக்கு பிரேசில் ஆய்வு ஒன்று உண்டு. அங்கே ஃபியூச்சர்ஸில் டே டிரேடிங் ஆரம்பித்து, 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள். விடாமுயற்சி அவர்களிடம் இல்லாமல் இல்லை.

19/
அப்போ விதி, ஒழுக்கம் எல்லாம் வீணா? இல்லவே இல்லை. இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும்.
2009-இல் எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செக்லிஸ்ட்டை வைத்து ஓர் ஆய்வு வந்தது. டெல்லியும் அதில் ஒன்று. சரியான நோயாளியா, சரியான இடமா, ஆன்டிபயாடிக் போட்டாச்சா என்று ஒரு தாளைப் பார்த்துக் கேட்பதுதான். அவ்வளவுக்கே இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்தது.
ஆனால் அந்தத் தாளை என் கிளினிக் வாட்ச்மேன் கையில் கொடுத்தால் அவர் சர்ஜன் ஆகிவிடுவாரா? ஏற்கெனவே இருக்கும் திறமை கவனக்குறைவால் வீணாகாமல் காப்பதுதான் செக்லிஸ்ட்டின் வேலை. இல்லாத திறமையை அது உண்டாக்காது.

20/
நம் ஊர்க்காரர்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் உடனே புரியும். பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி. ஏன்? அறையில் மருந்தைக் குறைத்து வைத்தால் தீ பிடிக்காது என்பதற்காக இல்லை. பிடித்தால் அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்று 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் பறிகொடுத்தோம். இந்தப் பக்கத்து டாக்டர் யாரும் அந்த நாளை மறக்க மாட்டோம்.
ஸ்டாப்லாஸும் பொசிஷன் சைஸும் அதே வேலையைத்தான் செய்கின்றன. உங்கள் வீடு எரியாமல் காப்பாற்றும். சம்பாதித்துத் தராது.

21/
இப்போது அந்த "அண்ணன்" சொன்னதற்கு வருகிறேன். சிஸ்டம் சரி, உன் சைக்காலஜிதான் சரியில்லை.
ஒரு டாக்டர் மருந்து கொடுக்கிறார். குணமானால் "என் மருந்து". குணமாகாவிட்டால் "நீ ஒழுங்காச் சாப்பிடல". இப்படிப் பேசுகிற டாக்டரிடம் போவீர்களா? அந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது. நூறு பேர் நஷ்டப்பட்டாலும் நூறு பேர் மீதும் பழி. மருந்து மட்டும் சுத்தம்.
கோச்சிங் எடுப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணே, கட்டணம் கழிச்ச பிறகு உங்க மூணு வருச டிரேடிங் கணக்கை, வருமான வரி ரிட்டர்னோட காட்டுவீங்களா?" ஒரு நாள் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது.

22/
இன்னொரு தகவல். 2025 ஜனவரியில் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. பாடம் மட்டும் நடத்துகிறேன் என்பவர், கடந்த மூன்று மாத விலையைக் காட்டிப் பங்கின் பெயரைச் சொல்லிப் பேசக்கூடாது என்றது. பதிவு இல்லாமல் டெலிகிராமில் "இப்ப வாங்கு, இப்ப வில்லு" என்று சொல்பவர் ஆசிரியர் ஆக மாட்டார். புரிந்துகொள்ளுங்கள்.

23/
"இவ்வளவு சொன்னாலும் நான் செய்வேன் சார்" என்பவர்கள் இருப்பீர்கள். சிகரெட்டை விடமாட்டேன் என்பவருக்கும் நான் வைத்தியம் பார்க்கத்தான் செய்கிறேன். சேதத்தைக் குறைக்க இதைச் செய்யுங்கள்.

ஒன்று. கடன் பணம், குழு லோன், நகை அடமானம், அம்மா பணம், இதில் எதுவும் வேண்டாம். முழுதாகப் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற பணம் மட்டும்.

இரண்டு. ஒரு டிரேடில் முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது. கணக்கு எளிது. முதல் 50,000 என்றால் ஒரு சதவீதம் 500. பங்கு விலை 400, ஸ்டாப்லாஸ் 396. ஒரு பங்குக்கு 4 ரூபாய். 500-ஐ 4-ஆல் வகுத்தால் 125 பங்கு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

மூன்று. ஒரு நாளில் இரண்டு சதவீதம் போனால் அன்றைக்குக் கடை மூடல். பல ஆப்களில் கில் ஸ்விட்ச் இருக்கிறது. மனசை நம்ப வேண்டாம், அதை அழுத்துங்கள்.

நான்கு. 9.15-க்கு முன்னால் விதியைத் தாளில் எழுதுங்கள். சந்தை ஓடும்போது எழுதும் விதி எதுவும் விதி இல்லை.

ஐந்து. உங்கள் சிஸ்டத்தை முதலில் 100 டிரேடு வெறும் தாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் செலவைக் கழியுங்கள். தாளிலேயே நஷ்டம் என்றால் பணம் போட்டால் மட்டும் லாபம் வருமா?

ஆறு. தாளில் ஜெயித்துப் பணத்தில் தோற்றால், அப்போது சைக்காலஜியைப் பற்றிப் பேசலாம். தாளிலேயே தோற்றால் பேச வேண்டியது சிஸ்டத்தைப் பற்றி.

ஏழு. மிஷின் முன்னால் நிற்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் போனைத் தொடாதீர்கள். கட்டிங் மிஷினில் விரல் போய் வருபவர்களுக்குத் தையல் போடுபவன் சொல்கிறேன்.

24/
வீட்டில் இருப்பவர்களுக்கு. பிள்ளை தூங்கவில்லை, எரிந்து விழுகிறான், தனியாகப் போன் பார்க்கிறான், யாரிடமும் சொல்லாமல் கடன் வாங்குகிறான் என்றால் திட்டாதீர்கள். "எவ்வளவு போச்சு?" என்று மெதுவாகக் கேளுங்கள். தொகை வெளியே வந்தாலே பாதிப் பாரம் இறங்கும். வாழ்வதில் அர்த்தமில்லை என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். டெலிமானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப் போகலாம்.

25/
அந்தத் தம்பியிடம் அன்று பேனாவை எடுத்து அவன் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 400 × 82. ரொம்ப நேரம் அதையே பார்த்தான்.
"அப்ப நான் சரியாத்தான் சார் செஞ்சிருக்கேன்?"
"சரியாத்தான் செஞ்ச. சரியாச் செஞ்சாலும் நஷ்டம் வர்ற வேலையைச் செஞ்ச."
அவன் அழுதான். நாலு மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவன்.

26/
அம்மாவை உள்ளே கூப்பிட்டு அவனையே சொல்ல வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டது ஒன்றுதான். "குழுப் பணம் வாரா வாரம் கட்டணும்யா. இந்த வாரத்துக்கு வச்சிருக்கியா?" அவன் பிரஸ்ஸில் ஓவர்டைம் கேட்டிருக்கிறான். மூன்று வாரம் கழித்து வந்தபோது நாடித்துடிப்பு 84. குழு லோன் இன்னும் பாக்கி. ஆப்பை அழித்துவிட்டதாகச் சொன்னான். நோட்டை மட்டும் வைத்திருக்கிறானாம்.

27/
உங்கள் வீட்டில், உங்கள் பிரஸ்ஸில், உங்கள் ஆபீசில் இப்படி ஒரு தம்பி இருந்தால் இதைப் பகிருங்கள். சார்ட்டைக் காட்டி ஜெயித்த கதை சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் கான்ட்ராக்ட் நோட்டை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.